சீதன ஓலையும் திருமண ஒப்பந்தமும்

1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் ஊரோடு பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நடந்த வேளையில், அவர்கள் கையிற் கொண்டு சென்றவை மிகச் சிலவே. மாற்றுடை, சிறிது அரிசி, அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றோடு காணி உறுதிகளும் பல பைகளில் இருந்தன. வீடு நிற்குமோ இடியுமோ யார் அறிவார். உறுதி இருந்தால் உரிமை இருக்கும் என்பது எம் பெரியோரின் நம்பிக்கை. அவ்வுறுதிகளுள் ஒரு பகுதி சீதன உறுதிகள். மணம் பேசி முடித்து, நொத்தாரிசை அழைத்து, சாட்சிகள் கையொப்பமிட எழுதப்பட்டவை அவை.

அதே மக்களாகிய நாம் இன்று ரொறன்ரோவிலும் மொன்றியலிலும் இலண்டனிலும் எம் பிள்ளைகளுக்கு மணம் பேசுகிறோம். பேச்சுக்கால் நடக்கும்போது எவரேனும் “முன்கூட்டி ஓர் ஒப்பந்தம் எழுதுவோம்” என்று வாய் திறந்தால் சபை திகைத்துப் போகிறது. “தாலி ஏற முன்னமே பிரிவைப் பற்றிப் பேசுவதா? இது வெள்ளைக்காரர் பழக்கம் அல்லவா?” என்று கேட்போர் பலர்.

இக்கேள்வியை நாம் வரலாற்றின் முன் வைத்துப் பார்க்க விரும்புகிறோம். மணத்திற்கு முன் சொத்தைப் பற்றி எழுதி வைப்பது எமக்கு அந்நியமானதா? எவ்வகை எழுத்து நீதிமன்றத்தில் நிற்கும், எவ்வகை எழுத்து விழும்? இவ்விரண்டையும் அறிந்த பின் எழுதுவதா விடுவதா என்று ஒவ்வொரு குடும்பமும் தானே முடிவு செய்யலாம்.

ஒல்லாந்தர் காலத்து ஓலை

1658 ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், இங்குள்ள மக்களின் வழக்குகளைத் தீர்க்க அம்மக்களின் வழமைகளை அறிய வேண்டியிருந்தது. ஆள்பதி கொர்னேலிஸ் யோவான் சைமன்ஸ் இட்ட பணிப்பின்படி, யாழ்ப்பாணத்துத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் அவ்வழமைகளைத் தொகுத்து ஒல்லாந்த மொழியில் எழுதினார். 1707 ஆம் ஆண்டு நிறைவு பெற்ற இத்தொகுப்பு தமிழில் மொழிபெயர்க்கப்பட்டு, பன்னிரண்டு முதலிமாரிடம் கொடுக்கப்பட்டது. அவர்கள் படித்துப் பார்த்து, எமது வழமை இதுவே என்று ஒப்புக்கொண்டனர். இதுவே தேசவழமை.

தேசவழமை சொத்தை மூன்றாக வகுத்தது. கணவன் தன் பெற்றோர் வழியாகக் கொண்டு வருவது முதுசம். மனைவி கொண்டு வருவது சீதனம். மணவாழ்வில் இருவரும் சேர்ந்து ஈட்டுவது தேடியதேட்டம். ஆதியில் முதுசம் ஆண்மக்களுக்கும், தாயின் சீதனம் பெண்மக்களுக்கும் சென்றது என்றும், போர்த்துக்கேயர் காலம் முதலாக இவ்வொழுங்கு கலந்துபோய், முதுசத்திலிருந்தும் சீதனம் கொடுக்கலாயினர் என்றும் அந்நூலே கூறுகின்றது. வழமையும் காலத்தோடு மாறும் என்பதை எம் முன்னோர் மறைக்கவில்லை.

மணத்தின்போது பெண்ணுக்குக் கொடுப்பதைச் சீதன ஓலையில் எழுதினர். ஓலை எழுதியது மட்டும் போதாது. சொத்தை உடைமையாக்கிக் கொள்ளவும் வேண்டும். பத்து ஆண்டுகள் அவ்வாறு செய்யாது விட்டால் ஓலையைப் புதுப்பித்தாக வேண்டும் என்பது வழமை. சீதனம் பெற்ற மகள் அதனோடு அமைய வேண்டும். உடன்பிறந்தார் இருக்கையில் பெற்றோரின் எஞ்சிய சொத்தில் அவள் பங்கு கேட்க இயலாது. மறுபுறம், அவள் பிள்ளையின்றி இறந்தால் சீதனம் கணவன் வீட்டில் தங்காது. பிறந்த வீட்டுப் பக்கமே திரும்பும்.

இவ்விதிகளை ஊன்றிப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். எது யாருடையது, எது பொதுவானது, இறப்பு நேர்ந்தால் எது எங்கே செல்லும் என்பவற்றை மணத்திற்கு முன்னரே தீர்த்து வைத்தனர். இறப்பைப் பற்றிப் பேசியதால் மணமக்களுக்குத் தீங்கு வரும் என்று எவரும் அஞ்சவில்லை. கிழக்கிலே மட்டக்களப்பில் வேறு வழமை இருந்தது. அங்கே தாய்வழிக்கு முதன்மை கொடுக்கும் முக்குவர் வழமை நிலவியது. ஆயினும் பெண்ணுக்குரிய வீட்டையும் வளவையும் தெளிவுபடுத்தி வைக்கும் எண்ணம் அங்கும் குறைந்திருக்கவில்லை.

நொத்தாரிசும் இரு சாட்சிகளும்

ஆங்கிலேயர் ஆட்சியில் 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரமாணம் தேசவழமைக்குச் சட்ட வலுவளித்தது. பின்னர் 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடைச் சட்டம் வந்தது. அதன்படி காணியை விற்பதோ கொடுப்பதோ ஈடு வைப்பதோ எழுத்தில் இருக்க வேண்டும்; உரிமம் பெற்ற நொத்தாரிசு முன்னிலையில், குறைந்தது இரு சாட்சிகள் கூடியிருக்கக் கையொப்பமிட வேண்டும். அவ்வாறு செய்யாத கைமாற்றம் சட்டத்தின் முன் வலுவற்றது. ஓலை உறுதியாக மாறியது இவ்வாறே.

இச்சட்டத்தின் வேர் இங்கிலாந்தில் இருந்தது. 1677 ஆம் ஆண்டு அங்கு இயற்றப்பட்ட மோசடிகள் சட்டம், காணி பற்றிய உடன்படிக்கைகளோடு, திருமணத்தை முன்னிட்டுச் செய்யப்படும் உடன்படிக்கைகளும் எழுத்தில் இருக்க வேண்டும் என விதித்தது. மணப்பேச்சின்போது வாயால் அள்ளி வழங்குவதும், மணம் முடிந்த பின் “அப்படிச் சொல்லவில்லை” என்பதும் எல்லா நாட்டுக்கும் பொதுவான குறைகள் போலும்.

ஆனால் அக்கால இங்கிலாந்தில் மணமான பெண்ணுக்குத் தன் பெயரில் சொத்து இல்லை எனலாம். அவளுடைய அசையும் பொருள் கணவனுடையதாயிற்று. அவளுடைய காணியும் கணவனின் ஆட்சிக்குள் வந்தது. செல்வந்தக் குடும்பத்தினர் மட்டும் சட்டத்தரணிகளைக் கொண்டு நம்பிக்கைப் பொறுப்பு முறையில் மணக்கொடை ஆவணங்கள் எழுதித் தம் பெண்களைக் காத்தனர். மணமான பெண் சொத்தைத் தனதாக வைத்திருக்கும் உரிமையைப் பொதுவாக அளித்தது 1882 ஆம் ஆண்டுச் சட்டமே. அதற்கு முன் பல தலைமுறைகளாக யாழ்ப்பாணத்துப் பெண்ணின் சீதனம் அவளுடைய சொத்தாகவே கணிக்கப்பட்டு வந்தது. இது நாம் பெருமை கொள்ளத்தக்கது.

எனினும் பெருமையோடு குறையையும் சொல்லுவதே நேர்மை. 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், வழியுரிமைச் சட்டம், மனைவியின் சொத்து அவளுடையதே என்று கூறிக்கொண்டே, தன் காணியை அவள் உயிரோடிருக்கையில் கைமாற்றுவதற்குக் கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும் என விதித்தது. கணவன் தன் காணியை விற்க அவளுடைய சம்மதத்தை இவ்வாறு பெற வேண்டியதில்லை. உறுதியில் பெயர் அவளுடையது. பேனா இன்னொருவர் கையில்.

இன்னொரு குறையும் உண்டு. சீதன உறுதியைப் பேசி முடிப்போர் பெற்றோர். மணமகளின் விருப்பத்தைக் கேட்டு எழுதிய உறுதிகள் எத்தனை? அவளுக்காக எழுதப்பட்டது, ஆனால் அவளோடு பேசி எழுதப்படவில்லை. இக்குறையை மனத்தில் இருத்திக் கொள்ளுவோம். பின்னர் இதற்கு மீளுவோம்.

காசாக மாறிய சீதனம்

போர் தொடங்கிய பின் காணியின் பெறுமதி நிலைகுலைந்தது. உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்ட வீட்டை எந்த மாப்பிள்ளை விரும்புவார்? மணமகன் வெளிநாட்டில் இருக்கும்போது வளவும் வயலும் அவருக்கு உதவுவதில்லை. ஆகவே சீதனம் காசாகவும் நகையாகவும் மாறியது. நன்கொடை என்றும் டொனேசன் என்றும் பெயர் பெற்ற பணம் மாப்பிள்ளையின் பெற்றோர் கைக்கோ, அவருடைய தங்கையின் கலியாணச் செலவுக்கோ சென்றது.

இம்மாற்றத்தினால் நேர்ந்த இழப்பை நாம் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை. காணி கொடுத்தபோது உறுதி இருந்தது, பெயர் பெண்ணுடையது. காசு கொடுக்கும்போது எழுத்து இல்லை. பணம் பெண்ணின் பெயரிலும் இல்லை. வீட்டை ஈடு வைத்தும், வெளிநாட்டிலுள்ள அண்ணன்மார் இரண்டு வேலை செய்து அனுப்பியும் சேர்த்த தொகை, ஒரு துண்டுச் சீட்டும் இல்லாமல் கைமாறுகின்றது. பிணக்கு நேர்ந்தால் கொடுத்தவருக்குச் சாட்சி இல்லை. சீதனத்தின் சுமை அப்படியே இருக்க, அதனோடு இருந்த பாதுகாப்பு மட்டும் கழன்று போயிற்று.

சீதனம் கேட்பதே தவறு என்பது எமது கருத்து. அதை இங்கு விரித்துரைக்கவில்லை. ஆனால் “எழுத்து எமது பண்பாடு அன்று” என்று கூறுவோர், எழுதாமற் கொடுப்பதே அண்மைக் காலத்துப் பழக்கம் என்பதை உணர வேண்டும்.

கனடாவில் ஒரு பண்ணைப் பெண்

இனி நாம் வாழும் நாட்டுக்கு வருவோம். கனடாவின் குடும்பச் சட்டம் இன்றுள்ள நிலையை எய்தியதற்கு அல்பேர்ட்டா மாகாணத்துப் பெண்ணொருவரின் வழக்கு பெருங் காரணமாயிற்று. ஐரீன் மேர்டொக் என்னும் அப்பெண் கணவனோடு கால்நடைப் பண்ணையிற் பல ஆண்டுகள் உழைத்தார். கணவன் ஆண்டில் ஐந்து மாதம் வரை வெளி வேலைக்குச் செல்ல, பண்ணையை நடத்தியவர் அவரே. மணமுறிவின்போது பண்ணையில் ஒரு பங்கு கேட்டார். 1973 ஆம் ஆண்டு கனடிய உச்ச நீதிமன்றம் மறுத்தது. பண்ணைக்காரரின் மனைவி எவரும் வழக்கமாகச் செய்யும் வேலையையே அவரும் செய்தார் என்ற கருத்து மேலோங்கியது. நீதியரசர் போரா லாஸ்கின் மட்டும் மாறுபட்டுத் தீர்ப்பெழுதினார்.

நாடெங்கும் எழுந்த கண்டனத்தின் விளைவாக மாகாணங்கள் தம் சட்டங்களைத் திருத்தின. ஒன்ராறியோ மாகாணம் 1978 ஆம் ஆண்டு குடும்பச் சட்டச் சீர்திருத்தச் சட்டத்தையும், 1986 ஆம் ஆண்டு அதனினும் விரிவான குடும்பச் சட்டத்தையும் இயற்றியது. 1986 ஆம் ஆண்டுச் சட்டத்தின் அடிப்படையை விளக்க எம்மிடம் ஏற்கனவே ஒரு சொல் உண்டு: தேடியதேட்டம். மணநாளுக்கும் பிரிந்த நாளுக்கும் இடையில் ஒவ்வொருவரின் சொத்தும் எவ்வளவு வளர்ந்தது என்று கணக்கிட்டு, கூடுதலாக வளர்ந்தவர் மற்றவருக்கு வேறுபாட்டின் பாதியைக் கொடுக்க வேண்டும். கணவனின் சொத்து 20,000 டொலரிலிருந்து 120,000 டொலர் ஆயிற்று எனவும், வெறுங்கையோடு வந்த மனைவியிடம் 40,000 டொலர் சேர்ந்தது எனவும் கொள்ளுவோம். ஒருவரின் வளர்ச்சி 100,000; மற்றவரின் வளர்ச்சி 40,000. வேறுபாடு 60,000. கணவன் கொடுக்க வேண்டியது 30,000 டொலர். தேசவழமையில் பொருளே இருவருக்கும் பொது. இங்கு பொருள் அவரவர் பெயரில் இருக்க, பெறுமதி பங்கிடப்படுகின்றது. வேறுபாடு அவ்வளவே.

ஆயினும் குடும்ப வீட்டுக்கு ஒரு தனி விதி உண்டு. மணநாளில் ஒருவருக்குச் சொந்தமாயிருந்த வீட்டிலேயே குடும்பம் பிரியும் நாள்வரை வாழ்ந்திருந்தால், அவ்வீட்டின் அன்றைய பெறுமதியைக் கழிக்க இயலாது. முழுப் பெறுமதியும் கணக்கில் வரும். மணத்தின் பின் பெற்றோர் பிள்ளைக்குக் கொடுக்கும் அன்பளிப்பு பொதுவாகக் கணக்கில் சேர்வதில்லை. அதே பணம் குடும்ப வீட்டுக்குள் இறங்கிவிட்டால் அந்த விலக்கு போய்விடும். வீடு வாங்க முற்பணம் கொடுக்கும் தாய் தந்தையர் எத்தனை பேர் இதை அறிவர்? மாப்பிள்ளையின் பெற்றோர் கைக்குச் சென்ற பணமோ கணவன் மனைவி கணக்கில் தலைகாட்டவே மாட்டாது.

இவ்விதிகள் தமக்குப் பொருந்தா எனக் கருதுவோர் வேறு விதமாகத் தீர்மானித்து எழுதிக் கொள்ளலாம். அதுவே திருமண ஒப்பந்தம். எதிர்காலப் பிரிவை முன்னிட்டு மணமக்கள் செய்யும் உடன்படிக்கை பொதுநலனுக்கு மாறானது என்று ஆங்கில வழிவந்த நீதிமன்றங்கள் நெடுங்காலம் ஒதுக்கி வந்தன. ஒன்ராறியோவில் அதற்கு வழி திறந்தது 1978 ஆம் ஆண்டுச் சட்டம். வெள்ளைக்காரர் பழக்கம் என நாம் ஒதுக்குவது இம்மாகாணத்தில் அத்துணைப் புதியது.

மொன்றியலில் வாழும் எம்மவர்க்குச் சட்டம் வேறு. கியூபெக் மாகாணம் பிரெஞ்சு மரபைத் தழுவியது. அங்கு திருமண ஒப்பந்தம் நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட்டாலன்றிச் செல்லாது. இவ்வகையில் அது எமது சீதன உறுதியை ஒத்தது. 1989 ஆம் ஆண்டு முதல் குடும்ப வீடு, தளபாடம், குடும்ப வாகனம், மணக்காலத்தில் சேர்ந்த ஓய்வூதிய உரிமை ஆகியன குடும்பச் சொத்தெனப் பங்கிடப்படுகின்றன. இவ்வுரிமையை மண ஒப்பந்தத்தில் முன்கூட்டியே துறக்க இயலாது.

எது நிற்கும், எது விழும்?

ஒன்ராறியோவில் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். இருவரும் கையொப்பமிட வேண்டும். கையொப்பத்துக்குச் சாட்சி வேண்டும். இது எளிய பகுதி. கையொப்பமான ஒப்பந்தத்தையும் நீதிமன்றம் தள்ளி வைக்கலாம் என்பதே நாம் கருத்தில் கொள்ள வேண்டியது.

முதலாவது காரணம் மறைப்பு. ஒருவர் தமது பெரும் சொத்தையோ கடனையோ மற்றவருக்குத் தெரிவிக்காது விட்டால் ஒப்பந்தம் விழக்கூடும். 2008 ஆம் ஆண்டு லெவான் வழக்கில், கணவன் தன் வணிகச் சொத்துக்களின் உண்மை நிலையை மணமகளுக்கு வெளிப்படுத்தாமையால், ஒப்பந்தம் தள்ளி வைக்கப்பட்டதை ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் உறுதி செய்தது. செல்வத்தைக் காக்க எழுதிய ஆவணம், செல்வத்தை மறைத்ததனால் விழுந்தது.

இரண்டாவது காரணம் விளங்காமை. ஒப்பந்தத்தின் தன்மையையும் விளைவையும் ஒருவர் விளங்கிக் கொள்ளாதிருந்தால் அது செல்லாது போகலாம். இது எமது சமுதாயத்துக்கு நேரே பொருந்துவது. இலங்கையிலிருந்தோ தமிழ்நாட்டிலிருந்தோ மணமகளாக வந்திறங்கிய பெண்ணிடம், ஆங்கிலத்தில் அச்சிட்ட இருபது பக்கங்களை மண்டபம் பிடித்த பின் நீட்டிக் கையொப்பம் வாங்குவது அறமும் ஆகாது, பயனும் தராது. அவளுக்கெனத் தனிச் சட்டத்தரணி வேண்டும். தமிழில் வரி வரியாக விளக்க மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அவர் மாப்பிள்ளை வீட்டார் அல்லாதவராய் இருக்க வேண்டும். தனிச் சட்ட ஆலோசனை கட்டாயம் என்று ஒன்ராறியோச் சட்டம் கூறவில்லை. ஆயினும் அது இல்லாத ஒப்பந்தம் பலவீனமானது.

மூன்றாவது காரணம் வற்புறுத்தல். ஜேர்மனியில் 1900 ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த குடியியற் சட்டக் கோவையின் கீழ்த் திருமண ஒப்பந்தம் நொத்தாரிசு முன்னிலையிலேயே எழுதப்படுகின்றது. அங்கு கருவுற்றிருந்த பெண்ணொருவர், கையொப்பமிட்டால்தான் மணம் என்ற நிலையில், தமது தாபரிப்பு உரிமையைத் துறந்ததோடு, பிள்ளைக்காகக் கணவன் கொடுக்க வேண்டியதன் பெரும்பகுதியையும் தாமே ஏற்பதாக எழுதிக் கொடுத்திருந்தார். கையொப்பம் இட்டாயிற்று என்று மட்டும் பார்த்து இத்தகைய ஒப்பந்தங்களை ஏற்கலாகாது என 2001 ஆம் ஆண்டு பெப்ரவரியில் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நொத்தாரிசின் முத்திரையும் அநீதியை மறைக்கப் போதாது என்பது இதன் பொருள்.

இவற்றைக் கொண்டு, எழுதியதை எளிதாக உடைக்கலாம் என எவரும் எண்ணிவிடலாகாது. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்து ஹார்ட்ஷோர்ன் வழக்கில், மணநாளன்றே பெண் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டிருந்தார். அது அவருக்குப் பாதகமானது என்று அவருடைய சட்டத்தரணி முன்னரே எச்சரித்திருந்தார். 2004 ஆம் ஆண்டு கனடிய உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மையோர் அவ்வொப்பந்தத்தை ஏற்றனர். அறிந்து இட்ட கையொப்பம் கட்டுப்படுத்தும். அப்பெண்ணும் சட்டம் கற்றவரே என்பதை மறவாதிருப்போம்.

இங்கிலாந்தில் உள்ளோர் 2010 ஆம் ஆண்டின் ராட்மாகர் வழக்கை அறிந்திருத்தல் நன்று. ஜேர்மன் பெண்ணும் பிரெஞ்சு ஆணும் 1998 ஆம் ஆண்டு ஜேர்மனியில் ஒப்பந்தம் எழுதி, இலண்டனில் மணம் செய்தனர். இருவரும் சுதந்திரமாக, விளைவை முழுதும் உணர்ந்து செய்த ஒப்பந்தத்துக்கு, அதை நிறைவேற்றுவது நியாயமற்றதாக இருந்தாலன்றி, நீதிமன்றம் வலுவளிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒன்பது நீதியரசர்களுள் மாறுபட்டவர் ஒருவர். அவ்வமர்வில் இருந்த ஒரே பெண்ணான ஹேல் சீமாட்டி. இத்தகைய ஒப்பந்தங்கள் பொதுவாகப் பொருளாதாரத்தில் நலிந்தவருக்கு, அதாவது பெரும்பாலும் மனைவிக்கு, உரியதைக் குறைக்கவே எழுதப்படுகின்றன என்பதை அவர் சுட்டிக் காட்டினார். 2014 ஆம் ஆண்டு அந்நாட்டுச் சட்ட ஆணைக்குழு, மணநாளுக்குக் குறைந்தது 28 நாட்களுக்கு முன் கையொப்பம், சொத்து விபர வெளிப்படுத்தல், இருவருக்கும் தனித்தனிச் சட்ட ஆலோசனை ஆகியவற்றை நிபந்தனையாகப் பரிந்துரைத்தது. எந்நாட்டில் வாழ்வோருக்கும் இவை நல்ல அளவுகோல்களே.

எழுத இயலாதவையும் உள. பிள்ளைகள் யாரிடம் வளர்வர் என்பதை ஒன்ராறியோத் திருமண ஒப்பந்தத்தில் முன்கூட்டித் தீர்க்க முடியாது. பிள்ளையின் நலனே அப்போது நீதிமன்றத்தின் அளவுகோல். குடும்ப வீட்டில் குடியிருக்கும் உரிமையையும் ஒப்பந்தத்தால் பறிக்க இயலாது. தாபரிப்பு வேண்டாம் என எழுதிக் கொடுத்திருந்தாலும், விளைவு கொடுமையானதாயின் நீதிமன்றம் அதைப் புறக்கணிக்கலாம். மணத்துணையைப் பொறுப்பேற்று இந்நாட்டுக்கு அழைத்தவர் அரசுக்குக் கொடுத்த மூன்று ஆண்டுப் பொறுப்புறுதியும் தம்பதியரின் ஒப்பந்தத்தால் இல்லாமற் போகாது, மணமுறிவாலும் முடிவுறாது.

பெற்றோருக்கு ஒரு சொல்

ஒவ்வொரு மணத்துக்கும் ஒப்பந்தம் வேண்டும் என்பது எமது வாதமன்று. இருவரும் சம்பாதிக்கத் தொடங்கும் இளம் தம்பதியருக்குச் சட்டத்தின் பொது விதியே போதுமாயிருக்கலாம். ஆனால் ஒருவர் மணத்துக்கு முன்னரே வீடு வாங்கியிருந்தால், குடும்பக் கடையில் அண்ணன் தம்பியருக்குப் பங்கிருந்தால், முதல் மணத்துப் பிள்ளைகள் இருந்தால், பெற்றோர் தம் சேமிப்பை வீட்டுக்கு முற்பணமாகக் கொடுத்தால், எழுதி வைப்பதே அறிவுடைமை. கொடுக்கும் பணம் அன்பளிப்பா கடனா என்பதையேனும் கொடுக்கும் நாளிலேயே எழுதி, வாங்கியவரின் கையொப்பத்தைப் பெற வேண்டும். நாள் குறிக்குமுன் பேச்சைத் தொடங்குங்கள். பொன்னுருக்கு முடிந்த பின் தொடங்கினால் அது பேச்சாக இராது, நெருக்குதலாகிவிடும். ஒரே சட்டத்தரணியிடம் இருவரையும் அனுப்பாதீர்கள். எம்மால் இங்கு பொது விளக்கமே தர இயலும். ஒவ்வொருவரும் தத்தம் மாகாணத்துச் சட்டத்தரணியைக் கேட்டே செயற்படல் வேண்டும்.

முன்னர் ஒரு குறையைச் சொல்லி வைத்தோம். சீதன உறுதி மகளுக்காக எழுதப்பட்டது. அவளோடு பேசி எழுதப்படவில்லை. இந்நாட்டுத் திருமண ஒப்பந்தத்தில் பேசவும் கையொப்பமிடவும் வேண்டியவர்கள் மணமக்களே. தாய் தந்தையர் அறிவுரை கூறலாம். அவர்களுக்குப் பதிலாகக் கையொப்பமிட முடியாது. எம் மூதாட்டியருக்குக் கிடைக்காத அந்தக் குரல் எம் பெண்பிள்ளைகளுக்கு இங்கு கிடைத்திருக்கின்றது. ஒப்பந்தம் என்ற பெயரில் அவர்களை வாய்மூடச் செய்வோமாயின், பழைய குறையைப் புதிய தாளில் எழுதியவர்கள் ஆவோம்.

சொத்தையும் கடனையும் ஒளிக்காமற் சொல்லி, மற்றவர் விளங்கிக் கொள்ளும்வரை பொறுத்திருந்து, நலிந்தவருக்கு நியாயம் வைத்து எழுதும் இருவர், மணவாழ்வுக்கு வேண்டிய முதற் பயிற்சியை அங்கேயே பெற்றுவிடுகின்றனர். அவ்வாறு எழுதிய தாள் பெட்டியின் அடியில் ஒருபோதும் தேவைப்படாமலே கிடக்கட்டும் என்பதே எமது வாழ்த்து. 1995 இல் உறுதிகளைச் சுமந்து நடந்த எம் தாய்மார், வேண்டும் போது கையில் இருக்கட்டும் என்றே அவற்றைச் சுமந்தனர்.